கலிப்பகைக்குக் கல் எங்கே?

கெடிலக் கரையிலே திருவதிகை. பண்ணுருட்டிக்கு அருகே, பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண் பூமியின் ஓரத்திலே அமைந்த பழம்பெரும் ஊர். அங்கிருந்து தென்மேற்கே சென்றால் நெய்வேலி. நிலத்தின் வயிற்றைக் கீறிக் கரியெடுத்து, நாட்டின் வீடுகளுக்கு விளக்கேற்றும் உழைப்பாளர் நகரம். 1956ஆம் ஆண்டு அங்கே நிறுவனம் பிறந்தது, நிலக்கரி மின்சாரமாயிற்று. மண்ணுக்கடியில் மறைந்து கிடந்ததை அறிவு கொண்டு தோண்டி எடுத்த கதை அது. நாமும் இன்று தோண்டத்தான் போகிறோம். நாம் தோண்டப் போவது திருவதிகையின் பழங்கதையை!

நாள்தோறும் திருவதிகைக்கு மக்கள் வருகின்றனர். வீரட்டானத்தைக் காண வருகின்றனர். முப்புரத்தை இறைவன் எரித்த இடம் இதுவே என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நாவுக்கரசரின் வயிற்றைக் குடைந்த சூலைநோய் இங்கேதான் தீர்ந்தது என்று சொல்லப்படுகிறது. தமக்கை திலகவதி திருநீறு தந்தார், தம்பி பாடினார், நோய் பறந்தது என்று சொல்லப்படுகிறது. கேட்கின்றனர், கை கூப்புகின்றனர், வீடு திரும்புகின்றனர்.

அந்தக் கதையின் வாயிற்படியிலேயே ஒரு வீரனின் பிணம் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் அனைவரும் உள்ளே போகின்றனர். குனிந்து பார்ப்பவர் எவருமில்லை!

அவன் பெயர் கலிப்பகை. படைத்தலைவன். திலகவதிக்கு மணமகனாக நிச்சயிக்கப்பட்டவன். மன்னன் ஆணையை ஏற்றுக் களம் சென்றவன்; திரும்பாதவன். அவன் திரும்பியிருந்தால் திலகவதி என்ற பெண்ணின் வாழ்வு வேறு. தமக்கையின் நிழலில் வளர்ந்த தம்பியின் வாழ்வும் வேறாகியிருக்கும். ஆயினும், இந்தக் கதை சொல்லப்படும் மேடைகளிலே கலிப்பகைக்குக் கிடைப்பது ஒரு வரி. பல மேடைகளிலே அதுவும் இல்லை.

பெரியபுராணம் கூறும் செய்தி இது. திருவாமூர் என்ற ஊர். அங்கே புகழனார் என்ற வேளாளர். அவர் மனைவி மாதினியார். மகள் திலகவதி, இளையவன் மருணீக்கி. மகள் மணப்பருவம் எய்தும் வேளையில் கலிப்பகை பெண் கேட்டு முதியோரை அனுப்புகிறான். பெற்றோர் இசைகின்றனர். மணநாள் வருமுன் மன்னனின் ஆணை வருகிறது. வடபுலத்து மன்னரோடு போர்! கலிப்பகை புறப்படுகிறான். போர் நாள்கணக்கில் நீள்கிறது. இங்கே புகழனார் நோயுற்று இறக்கிறார். கணவன் போனபின் வாழேன் என்று மாதினியாரும் உயிர் விடுகிறார். இரண்டு பிள்ளைகளும் தனித்து நிற்கின்றனர். அந்த நேரத்தில் களத்திலிருந்து செய்தி வருகிறது: கலிப்பகை மாண்டான்!

அவரை எனக்குப் பேசியது என் பெற்றோர். ஆகையால் நான் அவருக்கு உரியவள். நானும் இறப்பேன் என்கிறாள் திலகவதி. தம்பி அவள் காலில் விழுகிறான். தாயும் போனாள், தந்தையும் போனார், நீயும் போவதானால் உனக்கு முன் நான் போகிறேன் என்று கதறுகிறான். அவள் சாவதைக் கைவிடுகிறாள். தம்பிக்காக வாழ்கிறாள். பொன்னும் மணியும் பூணாமல், வீட்டிலிருந்தபடியே துறவியைப்போல் வாழ்கிறாள். பின்னர் திருவதிகைக்கு வந்து கோயில் வாயிலைப் பெருக்கி, மெழுகி, மாலை தொடுத்து நாட்களைக் கழிக்கிறாள்.

சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில். நாவுக்கரசர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில். இடையிலே ஏறத்தாழ 500 ஆண்டு! சோழப் பேரரசின் நிழலில், பக்தியைப் பரப்பும் நோக்குடன் எழுதப்பட்ட நூல். அதை வரலாற்று ஏடாக அப்படியே எடுத்துக்கொள்ள அறிவு இடந்தராது. நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தனர், கல் மிதந்தது என்று அதே நூல் கூறுகிறது. கல் மிதக்காது, சிறு பிள்ளையும் அறியும். ஆனால், போருக்குப் போனவன் திரும்பவில்லை என்பதை ஏற்க எந்த அற்புதமும் தேவையில்லை. அது நேற்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. புராணத்தின் புகை மூட்டத்துக்கு நடுவே மனிதர் கண்ணீர் சிந்திய இடம் எது என்று தேடினால், அது இந்த இடமே.

தோழர்களே! ஒன்றைக் கவனியுங்கள். கலிப்பகையை அனுப்பிய மன்னனின் பெயரை நூல் கூறவில்லை. அவன் மாண்ட களத்தின் பெயரையும் கூறவில்லை. எதற்காக நடந்த போர், எவருக்கு அதனால் ஆதாயம் என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. ஆனால் அதே நூல், சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்த பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்று விரிவாகக் கூறுகிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். மன்னனின் பட்டப்பெயர் கோயிலாக எழுந்து நின்றது. கடலிலே மிதந்ததாகச் சொல்லப்படும் கல்லுக்குப் பாட்டு உண்டு. பள்ளியை இடித்துப் பெயர்த்த கல்லுக்குக் கதை உண்டு. களத்திலே வீழ்ந்த கலிப்பகைக்குக் கல் எங்கே?

இந்தக் கேள்வி வெறும் சொல்லடுக்கன்று. வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியம் அதை ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்துப் பொறித்தவை; கிறித்துவுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. பெருவேந்தனின் பெயர் அதிலே இல்லை. அவன் புகழ் பாடும் அடைமொழி இல்லை. ஊரார் தம்மவன் ஒருவனை மறக்க மனமின்றி வெட்டிவைத்த சில சொற்கள். அவ்வளவே!

பல்லவர் காலத்துக்கு வருவோம். நாவுக்கரசர் வாழ்ந்த அதே நூற்றாண்டை ஒட்டிய காலம். திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம் வட்டாரத்திலே வரிசை வரிசையாக நடுகற்கள் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டு அவற்றை நூலாக்கி வெளியிட்டது. வட்டெழுத்திலே வெட்டப்பட்ட அந்தக் கற்கள் என்ன சொல்கின்றன? இன்ன மன்னனின் இன்ன ஆண்டிலே, இன்ன தலைவனின் ஆள், இன்ன பெயருடையான், இன்ன இடத்தில் வீழ்ந்தான் என்கின்றன. நாள், பெயர், ஊர், நிகழ்ச்சி. இன்றைய வரலாற்றாசிரியன் ஒருவன் கேட்கும் விவரங்கள் அத்தனையும் அங்கே உண்டு. வானத்திலிருந்து எவரும் மலர் தூவவில்லை. கல் மிதக்கவில்லை!

அவற்றிலே எடுத்தனூர்க் கல் ஒன்று நம் உள்ளத்தை உலுக்குவது. மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காத்து நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். வீரனின் உருவம் அதிலே இருக்கிறது. பக்கத்திலே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்றும் கல்லிலே எழுதினர் அந்த ஊரார். கடமையிலே நின்ற நாய்க்கும் பெயர் எழுதியது அந்த நாகரிகம்! ஏறத்தாழ 1400 ஆண்டுக்கு முன்பு, படிப்பறிவு பரவாத காலத்துச் சிற்றூர் ஒன்று செய்த செயல் இது. இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

இனித் திலகவதியிடம் வருவோம்.

மணம் பேசினர், மணம் நடக்கவில்லை. மாலை மாற்றவில்லை. ஒருநாளும் அவனோடு அவள் வாழவில்லை. ஆயினும் அவன் இறந்தான் என்ற செய்தி வந்ததும், அவள் முன்னே இரண்டே வழிகள் வைக்கப்படுகின்றன: ஒன்று சாவு, மற்றொன்று சாவைப் போன்ற வாழ்வு! மூன்றாவது வழியை அந்தச் சமுதாயம் அவளுக்குக் காட்டவில்லை. தாய் மாதினியார் முதல் வழியிலே போனார். மகள் இரண்டாவது வழியிலே நடந்தாள். இரண்டையும் புகழ்ந்து பாடினர். புகழ்ந்தவர் எவரும், அந்தச் சிறுமி பொன்னை ஏன் துறக்கவேண்டும், சிரிப்பை ஏன் துறக்கவேண்டும் என்று கேட்கவில்லை. போர் ஒருவனைக் கொன்றது களத்திலே; மரபு ஒருத்தியைக் கொன்றது வீட்டிலே!

பழந்தமிழ் இலக்கியமும் இந்தத் துயரை அறியாததன்று. புறநானூற்றின் வீரத்தாயரை மேடைதோறும் பேசுகிறோம். முன்னாள் நடந்த போரிலே உறவினரை இழந்தும், ஒரே மகனை வேல் கொடுத்து அனுப்பிய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரை மறக்காமல் சொல்கிறோம். சொல்லட்டும், நல்லதே! ஆனால் அதே புறநானூற்றிலே கணவனை இழந்தவள் அல்லியரிசி உண்டு காலந்தள்ளிய கொடுமையும் பதிவாகியிருக்கிறது. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மையின் இழிநிலையைக் காட்டிலும் ஈமத்தீ தனக்குக் குளிர்ந்த பொய்கை என்று கருதித் தீப்புகுந்த செய்தியும் பதிவாகியிருக்கிறது. தீயைக் குளமாகக் கருதும் அளவுக்குக் கைம்மை கொடிதாக இருந்தது என்றால், குற்றம் தீயிலா இருக்கிறது? சோழர் காலத்திலும் சுந்தர சோழனின் தேவி வானவன்மாதேவி உடன்கட்டை ஏறினாள் என்று செப்பேடு புகழ்கிறது. அரண்மனைக்கே அதுதான் நிலை என்றால், குடிசையின் நிலை என்ன?

உடன்கட்டையை 1829ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஏட்டிலே ஏறியது வீட்டிலே ஏறவில்லை. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடுதான், கைம்பெண் மணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் தமிழ்நாட்டின் தெருக்களிலே பேசப்படும் பொருளாக்கியது. திலகவதிக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே 1300 ஆண்டு இடைவெளி! அத்தனை காலம் எத்தனை திலகவதிகள்? கணக்கெடுத்தவர் எவருமில்லை.

ஆயினும் திலகவதியின் வாழ்விலே நாம் தலைவணங்கும் ஒரு கணம் உண்டு. அது கோயில் வாயிலைப் பெருக்கிய கணமன்று. தம்பியின் அழுகையைக் கேட்டு, சாக எடுத்த முடிவைச் சாகடித்த கணம்! இறந்தவனுக்காக இறப்பதைவிட, இருப்பவனுக்காக இருப்பது மேல் என்று அந்தப் பெண் முடிவு செய்தாள். எந்தச் சாத்திரமும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. பன்னூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு சிறுவனின் கண்ணீர் வென்றது. அந்த முடிவு இல்லையேல் நாவுக்கரசரும் இல்லை. சாத்திரமும் கோத்திரமும் குலமும் என்ன பயன் தரும் என்று கேட்ட அவர் பாட்டும் இல்லை. போரிலே ஒருவனை இழந்த குடும்பம் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அவள் தந்த விடை, வாழ்வதுதான்!

திருவதிகையின் மண் கலிப்பகையோடு போரை மறந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் தமிழகத்தைப் பங்குபோட மோதினர். தேவனாம்பட்டினத்திலே ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை. அதற்குச் சற்று வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. இரண்டுக்கும் எட்டும் தொலைவில் திருவதிகை. அதன் கோயில் மதில் கோட்டையாயிற்று! 1750ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். ஆர்க்காட்டு முகமது அலியின் படை அதனருகே தோற்றது. 1753ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் தன் படையோடு மாதக்கணக்கில் அங்கே முகாமிட்டான். மராட்டியக் குதிரைப்படை ஊர்ப்புறத்தை வளைத்துத் திரிந்தது. முப்புரத்தை எரித்த இறைவன் வெள்ளையனின் பீரங்கியைக் கண்டு எதுவும் சொல்லவில்லை!

அந்தப் போர்களிலே இரு பக்கமும் நின்றவர் யார்? லாரன்சின் பெயரை வரலாறு அறியும். டூப்ளேயின் பெயரை அறியும். அவர்களுக்காகத் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் நம்மவர் எத்தனை பேர்? ஒரு தமிழன் ஆங்கிலக் கும்பினிக்காக, மற்றொரு தமிழன் பிரெஞ்சுக் கும்பினிக்காக, கெடிலத்தின் இரு கரையில் நின்று ஒருவனை ஒருவன் சுட்டிருப்பான். இரு வீட்டிலும் ஒரே மொழியில்தானே ஒப்பாரி எழுந்திருக்கும்? போர்க்குறிப்புகளிலே ஐரோப்பிய அதிகாரி வீழ்ந்தால் அவன் பெயர் இருக்கும். சிப்பாய்கள் வீழ்ந்தால் எண்ணிக்கை இருக்கும். பெயர் எண்ணாக மாறிய காலம் அது. எருமை காத்த நாய்க்குப் பெயரெழுதிய மண்ணிலே, பேரரசு காத்த மனிதனுக்குப் பெயரில்லை!

இந்தக் கொடுமை உலகளாவிய அளவிலே நடந்ததை 20ஆம் நூற்றாண்டிலே காண்கிறோம்.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. நாட்டு மக்களுக்கு நினைவிருப்பது அந்த ஓர் இரவுதான். ஆனால் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரான்சுக்கும் மெசபொத்தேமியாவுக்கும் எகிப்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. அவர்களிலே தமிழகத்து உழவன் மகனும் உண்டு, கூலியின் மகனும் உண்டு. தமிழன் போருக்கு லாயக்கற்றவன் என்று முத்திரை குத்திய காலமும் அதுவே. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலத் தளபதி, தென்னாட்டான் வீரம் மங்கியவன் என்ற கருத்தைப் பரப்பினான். வீர இனம், வீரமற்ற இனம் என்று மனிதரைப் பிரித்தனர். வருணத்தை வளர்த்தவனுக்கு வெள்ளையன் இளைத்தவனா? பிறப்பினால் அறிவு என்றான் இவன். பிறப்பினால் வீரம் என்றான் அவன்! அந்த முத்திரையையும் மீறி, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களும் பெருமளவில் சேர்ந்திருந்த சென்னைப் பொறியாளர் படை, போர்க்களந்தோறும் பாலம் அமைத்தது, பாதை வெட்டியது. ஊர்ப்பாதையிலே நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவன், பேரரசின் படைக்கே பாதை போட்டான்!

போரிலே இறந்தோருக்குக் கல்லறை அமைக்க 1917ஆம் ஆண்டு ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. பதவி பாராமல், இனம் பாராமல், மதம் பாராமல் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதே அதன் கொள்கை. அருமையான கொள்கை! பிரான்சின் நியூவ் ஷப்பேலில் 1927ஆம் ஆண்டு எழுந்த நினைவகத்திலே, கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்களைப் பொறித்தனர். ஆனால் 1929ஆம் ஆண்டு ஈராக்கின் பாஸ்ராவில் எழுந்த நினைவகத்தைப் பாருங்கள். 40,000க்கும் மேற்பட்டோருக்கான நினைவகம் அது. ஆங்கிலேயப் படைவீரன் எனில் பெயர். இந்தியப் படையின் அதிகாரி எனில் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்! ஐரோப்பியன் வந்து பார்க்கும் பிரான்சிலே பெயர். எவரும் வந்து பார்க்காத பாலைவனத்திலே எண். கல்லில் வெட்ட ஏன் இடமில்லாமற் போயிற்று? கல்லிலே இடமிருந்தது, உள்ளத்திலேதான் இடமில்லை!

நூறாண்டு கழிந்தபின், 2021ஆம் ஆண்டு, அதே ஆணையம் அமைத்த சிறப்புக் குழு உண்மையை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றது. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டனர் என்றது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது முறை. ஆனால் மன்னிக்க வேண்டிய தாய் எங்கே? மனைவி எங்கே? அவர்கள் எப்போதோ மண்ணாயினர்.

இரண்டாம் உலகப்போரின் கதை இன்னும் கொடிது. 25 இலட்சம் இந்தியர் படையிலே இருந்தனர். 87,000 பேர் மாண்டனர். சென்னை நந்தம்பாக்கத்திலே 1952ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட போர்க்கல்லறைத் தோட்டத்திலே 850க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் படையுடை அணியாமலே போருக்குப் பலியான தமிழர் உண்டே! சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளிலே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். காடும் காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காஞ்சனபுரியிலே அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர் இறந்தது 80,000 முதல் 1,00,000 வரை என்பர். அவர்களுக்கு அத்தகைய கல்லறை வரிசை கிடைக்கவில்லை. குவியல் குவியலாகப் புதைத்தனர். இரப்பர் மரத்துக்கும் எண் போட்டுக் கணக்கு வைத்த தோட்டத்திலிருந்து சென்றவன், கணக்கிலே இல்லாத பிணமானான்!

விடுதலை பெற்ற நாடு இந்தக் கறையைத் துடைக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1947க்குப் பின் நடந்த போர்களில் இறந்தோருக்கான தேசியப் போர் நினைவகம் டில்லியிலே 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. வட்டச் சுவர்களிலே வரிசை வரிசையாகப் பெயர்கள்! எடுத்தனூர் ஊரார் செய்ததை ஒரு பேரரசு செய்ய மறுத்தது. ஒரு குடியரசு காலந்தாழ்த்திச் செய்தது.

களத்திலே வீழ்பவன் ஒருவன்; வீட்டிலே வீழ்பவர் பலர். கார்கில் போரிலே, 1999ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பட்டாலிக் பகுதியிலே வீழ்ந்தார். அவர் உடல் மீட்கப்பட ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. இறந்தான் என்று அறிந்தும் முகம் காணமுடியாமல் காத்திருப்பது எத்தகைய கொடுமை! 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கிலே வீழ்ந்தார் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பதக்கம் வந்தது, பாராட்டு வந்தது. வரவேண்டியவர் வரவில்லை. களத்திலிருந்து செய்தி வரும்வரை கதவைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கும், திருவாமூரிலே காத்திருந்த திலகவதிக்கும் இடையே காலம்தான் வேறு, கலக்கம் ஒன்றே.

ஆகவே, நினைவு என்பதைப் பற்றி நாம் தெளிவு கொள்ளவேண்டும்.

முதலாவது, நினைவு வேறு, வழிபாடு வேறு. கல் நட்டவன் பெயரெழுதினான். பின்னால் வந்தவன் எழுத்தின்மேல் எண்ணெயும் மஞ்சளும் பூசினான். எழுத்து மறைந்தது, மனிதன் மறைந்தான், பூசாரி மட்டும் மிஞ்சினான்! கருந்தேவக்கத்திக்கு நம் பொங்கல் வேண்டியதில்லை. அவன் யார், எங்கே, எதற்காக இறந்தான் என்று நாம் படித்தால் போதும்.

இரண்டாவது, வீழ்ந்தவனை நினைப்பது போரைப் புகழ்வதாகாது. மகனை இழந்த தாயிடம் போய்ப் போர் இனிது என்று சொல்ல எவனுக்குத் துணிவுண்டு? அவனை உண்மையாக நினைப்பவன் ஏன் இறந்தான் என்று கேட்பான். எவன் ஆணையால் இறந்தான், அந்த ஆணை நேரியதா என்று கேட்பான். கேள்வி கேட்பது வீரனை இழிவு செய்வதாகாது. கேட்காமல் விடுவதே அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காரணமின்றி அனுப்பிவைக்கும்.

மூன்றாவது, வீழ்ந்தவன் எந்தச் சாதியின் சொத்துமல்லன். குண்டு குலம் கேட்டுப் பாயவில்லை. இறந்தபின் அவனை எங்கள் குலத்தான் என்று கொடி பிடித்துப் பங்கு கேட்பது, இறந்தவனை இரண்டாவது முறை சாகடிப்பதாகும்.

நான்காவது, இதுவே தலையாயது. வீரனின் படத்துக்கு மாலை போடும் அதே ஊர், வீரனின் மனைவியை மணப்பந்தலில் முன்னே நிற்க விடுவதில்லையே! நாட்டுக்காகக் கணவனைக் கொடுத்தவள் என்று மேடையிலே போற்றுவர். பயணம் புறப்படும்போது அவள் எதிரே வந்தால் சகுனம் என்று முகம் சுளிப்பர். இந்த இரட்டை நாக்கை அறுத்தெறியாமல் எத்தனை கல் நட்டாலும் பயனில்லை. அவள் விரும்பிய ஆடையை உடுத்தட்டும். விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளட்டும். தாலி எடுத்துக் கொடுக்க அவளையே அழையுங்கள். கலிப்பகைக்குச் செய்யும் சிறப்பு, திலகவதியின் கழுத்திலிருந்து பொன்னைக் கழற்றுவதன்று. அவளுக்கு மறுக்கப்பட்ட மூன்றாவது வழியைத் திறந்துவிடுவது!

தோழர்களே, வேலை நம் வாயிலிலே காத்திருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் முதியோர் சிலரேனும் இருக்கின்றனர். தாத்தா பர்மாவுக்குப் போனார், பெரியப்பா பசராவுக்குப் போனார், திரும்பவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கின்றனர். தகரப் பெட்டியின் அடியிலே பழைய பதக்கம் ஒன்று கிடக்கும். மஞ்சளேறிய கடிதம் ஒன்று கிடக்கும். ஓய்வூதியப் புத்தகம் ஒன்று கிடக்கும். கறையான் படிக்குமுன் நாம் படிப்போம். பெயரைக் கேட்டு எழுதுங்கள். படைப்பிரிவைக் கேட்டு எழுதுங்கள். ஆண்டை எழுதுங்கள். அவன் போனபின் அந்த வீட்டிலே யார் உழைத்தது, யார் பிள்ளைகளை வளர்த்தது, யார் பட்டினி கிடந்தது என்பதையும் எழுதுங்கள். ஆணின் பெயருக்கு அருகே பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் கூலியாகப் போய்த் திரும்பாதவனையும் அந்தப் பட்டியலிலே சேருங்கள். எழுதியதை ஊர்ப் படிப்பகத்திலே வையுங்கள். பள்ளியிலே படிக்கச் செய்யுங்கள்.

கலிப்பகை வீழ்ந்த களத்தை அவனைப் பாடிய நூலே சொல்லவில்லை. அங்கே போய்க் கல் நட நம்மால் இயலாது. பாஸ்ராவின் கல்லிலே எண்ணாகிப்போனவர்க்கும் காஞ்சனபுரிக் காட்டிலே எருவாகிப்போனவர்க்கும் பெயர் தேடித் தர இயலும். மிதக்கும் கல்லை நம்பி ஏமாந்தது போதும். பெயர் தாங்கும் கல்லை நடுவோம்!